இருமல்தானே என்று இருந்துவிட்டால்...

ஐதராபாத் லக்டிகாபூலில் பஸ்ஸை விட்டு இறங்கி ரெட்ஹில்ஸ் பக்கம் நடந்தால், எம்.என்.ஜே. புற்றுநோய் ஆஸ்பத்திரி வருகிறது. காலை எட்டு மணிக்கே வாசலில் கூட்டம். தலையணை உறையில் சுருட்டிய துணி, தூக்குப் பாத்திரம், கக்கத்தில் பெரிய காக்கி உறையில் எக்ஸ்ரே படம். தெலுங்கும் உருதுவும் அதிகம் கேட்கும். பீதர் பக்கத்துக் கன்னடமும், நாந்தேட் பக்கத்து மராத்தியும் இடையில் வரும். எப்போதாவது ஒரு தமிழ்க் குரல்: "சீட்டை எங்கேம்மா காட்டணும்?"

இந்த ஆஸ்பத்திரி 1955-ல் தொடங்கியது. அன்றைய ஐதராபாத் அமைச்சராக இருந்து, பின்னால் குஜராத்தின் முதல் கவர்னராகவும் ஆன மெஹதி நவாஸ் ஜங்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஏழைகள் நம்பி வரும் அரசாங்க ஆஸ்பத்திரி. இங்கே பெண்கள் வரிசை என்றால் மார்பகம், கருப்பை வாய், வாய்ப் புற்று என்றுதான் எவரும் நினைப்பார்கள். அது சரியும்கூட. 2015 முதல் 2019 வரையிலான தேசியப் பதிவேடுகளின்படி மார்பகப் புற்றுநோயில் நாட்டிலேயே முதலிடம் ஐதராபாத்துக்குத்தான். லட்சம் பெண்களுக்கு 54 பேர்.

ஆனால் அந்த வரிசையிலேயே சத்தமில்லாமல் இன்னொரு கூட்டம் சேர்ந்து வருகிறது. நுரையீரலில் புற்று வந்த பெண்கள். அவர்களில் பலர் பீடியையோ சிகரெட்டையோ கையால் தொட்டிராதவர்கள். "எங்க வீட்டுப் பொம்பளைக்கு இந்த நோய் எப்படி வரும்?" என்று கணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்குள் நோய் நாலாவது கட்டத்தைத் தொட்டுவிட்டிருக்கும் என்பதுதான் கொடுமை.

எண்கள் சொல்வது என்ன?

2022-ல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 24 லட்சத்து 80 ஆயிரம் பேருக்குப் புதிதாக நுரையீரல் புற்றுநோய் வந்தது. 18 லட்சம் பேர் இறந்தார்கள். வேறெந்தப் புற்றுநோயும் இத்தனை உயிர்களைக் கொண்டுபோகவில்லை. இந்தியாவில் அந்த வருஷம் புதிதாக வந்தவர்கள் 81,748 பேர். இறந்தவர்கள் 75,031 பேர் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு கூறுகிறது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வந்தவர்களின் எண்ணிக்கையும் போனவர்களின் எண்ணிக்கையும் இவ்வளவு நெருங்கி நிற்பதன் அர்த்தம், பிழைக்கக்கூடிய காலத்தில் யாரும் டாக்டரிடம் வந்து சேரவில்லை என்பதுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பதிவேட்டுத் திட்டம் வேறொரு வகையில் கணக்கிட்டு, 2025-ல் ஆண்கள் 81,219, பெண்கள் 30,109 என்று மதிப்பிட்டது. கணக்கிடும் முறை வேறு என்பதால் முன்னதோடு இது ஒத்துப்போகாது. நாம் பார்க்க வேண்டியது ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள விகிதத்தை. நாலில் ஒரு பங்குக்கும் மேல் பெண்கள். 2016-17-ல் நாடு முழுவதும் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பிலோ, புகைக்கும் ஆண்கள் நூற்றுக்கு 19 பேர், புகைக்கும் பெண்கள் நூற்றுக்கு 2 பேர்தான். புகைப்பது ஒன்றே காரணம் என்றால் ஒன்பது ஆண்களுக்கு ஒரு பெண் என்ற அளவில்தானே நோய் இருக்க வேண்டும்? மூன்று ஆண்களுக்கு ஒரு பெண்ணுக்கும் மேலாக இருக்கிறதே! மிச்சப் புகை எங்கிருந்து வந்தது?

கணவன் குடித்த சிகரெட்

இதற்கு முதல் துப்பு ஜப்பானில் கிடைத்தது. டாக்டர் தகேஷி ஹிராயாமா என்பவர் புகைக்காத 91,540 மனைவிமார்களை 14 வருஷம் தொடர்ந்து கவனித்து, 1981-ல் தன் முடிவை வெளியிட்டார். கணவன் நிறையப் புகைப்பவனாக இருந்தால், புகைக்காத மனைவிக்கு நுரையீரல் புற்றுநோயால் சாகும் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பு. புகையிலைக் கம்பெனிகள் குதித்தன. கணக்குத் தப்பு என்றன. அதே வருஷம் கிரீஸ் நாட்டிலிருந்தும் இதே போன்ற முடிவு வந்தது. இன்று இதில் எவருக்கும் சந்தேகமில்லை.

ஐதராபாத்துக்கும் சிகரெட்டுக்கும் பழைய உறவு. நகரத்தின் அடையாளமான சார்மினாரின் பெயரிலேயே வஜீர் சுல்தான் கம்பெனி இங்கே சிகரெட் செய்து விற்றது. நம்மவர்களில் அறுபது வயது தாண்டியவர்களுக்கு அந்தப் பெட்டியின் நிறம்கூட ஞாபகம் இருக்கும். செகந்திராபாத்தில், லாலாகூடா ரயில்வே ஒர்க்ஷாப் பக்கத்தில், மல்காஜ்கிரியில் ஒற்றை அறை வாடகை வீடுகளில் குடித்தனம் தொடங்கியவர்கள் எத்தனை பேர்! அந்த அறையில்தான் சமையல், அந்த அறையில்தான் படுக்கை, அங்கேயே வேலை முடிந்து வந்தவரின் சிகரெட். ஜன்னல் ஒன்று. அதையும் கொசுவுக்குப் பயந்து சாத்திவிடுவார்கள்.

கொசுவென்றதும் இன்னொன்று. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. இது துகளின் எடைக்கணக்குதான். சுருள் ஏற்றினால் புற்றுநோய் வரும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனாலும் சாத்திய அறையில் இரவெல்லாம் சுருள் ஏற்றுவதைவிட வலை கட்டிப் படுப்பது மேல்.

புகையை வேலையிடத்தில் வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. கனடாவின் ஒட்டாவா நகரில் ஹெதர் குரோ என்ற பெண்மணி நாற்பது வருஷம் ஓட்டல்களில் பரிமாறும் வேலை பார்த்தார். ஒருநாளும் புகைத்ததில்லை. 2002-ல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. மேஜையில் உட்கார்ந்தவர்கள் விட்ட புகைதான் காரணம் என்று தொழிலாளர் நஷ்டஈட்டு வாரியமே ஏற்றுக்கொண்டது. மிச்சமிருந்த நாட்களில் அவர் ஊர் ஊராகப் போய், வேலையிடத்தில் புகைக்கத் தடை கேட்டுப் பேசினார். 2006-ல் காலமானார். நம் நாட்டில் பொது இடங்களில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் கண்டிப்பாக அமலுக்கு வந்தது. டீக்கடை பெஞ்சில் அது எந்த அளவுக்கு அமலில் இருக்கிறது என்பது அங்கே டீ ஆற்றும் பெண்களுக்குத் தெரியும்.

அடுப்பங்கரைக் கணக்கு

சீனாவில் யுன்னான் மாகாணத்தில் ஸுவான்வெய் என்று ஒரு பகுதி. அங்கே பெண்கள் புகைப்பதே இல்லை என்று சொல்லலாம். ஆனால் அந்த நாட்டிலேயே பெண்களின் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு மிக அதிகமான இடங்களில் அது ஒன்று. காரணத்தைத் தேடியவர்கள் கடைசியில் வீட்டுக்குள் போய் நின்றார்கள். தரையில் குழி தோண்டி, புகையும் நிலக்கரியைப் போட்டு, புகைபோக்கி இல்லாமல் சமைத்தார்கள் அந்தப் பெண்கள். பிறகு புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறிய குடும்பங்களை ஆராய்ந்தபோது, நோய் வரும் அபாயம் நாற்பது சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. 2002-ல் வெளியான முடிவு இது. மருந்தல்ல, மாத்திரையல்ல, ஒரு குழாய்!

வீட்டுக்குள் நிலக்கரி எரிப்பது புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதியாகச் சொல்கிறது. விறகு, வறட்டிப் புகையையும், எண்ணெயைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிப் பொரிக்கும்போது எழும் ஆவியையும் "பெரும்பாலும் தரக்கூடும்" என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. பஜ்ஜிக் கடையிலும், மெஸ்ஸிலும், கல்யாண சமையலிலும் நாள் முழுதும் வாணலி முன்னால் நிற்கும் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாணலிக்கு மேலே புகையை இழுக்கும் விசிறி என்பது ஆடம்பரப் பொருளல்ல.

"இப்போது எல்லாரிடமும் கேஸ் அடுப்புதானே?" என்று கேட்கலாம். ஐதராபாத் நகரத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் இந்த நோய் உடனே வருவதல்ல. இருபது, முப்பது வருஷம் கழித்து வருவது. இன்று ஐம்பத்தைந்து வயதாகும் பெண், பத்து வயதில் ராமநாதபுரத்திலோ தர்மபுரியிலோ ஊதுகுழலை வாயில் வைத்துக் கருவேலங் கட்டையை ஊதியவர். கல்யாணமாகி இங்கே வந்து ஸ்டவ் அடுப்பில் பத்து வருஷம் சமைத்தவர். அந்த நெஞ்சு அத்தனையையும் கணக்கில் வைத்திருக்கிறது.

வெளிக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று 2012-லும், மாசுபட்ட வெளிக்காற்று தரும் என்று 2013-லும் அதே நிறுவனம் அறிவித்தது. பாலாநகர், ஜீடிமெட்லா, படான்செரு தொழிற்பேட்டைகளைச் சுற்றிக் குடியிருக்கும் நம்மவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

ஆந்திரக் கடலோரத்தில், ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கங்களில், பெண்கள் சுட்டாவை, அதாவது சுருட்டை, எரியும் நுனி வாய்க்குள் இருக்கும்படி வைத்துப் புகைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்கள் கண்டால் திகைத்துப் போவார்கள். அதனால் முக்கியமாக அண்ணத்தில் புற்று வருகிறது. ஆகவே பெண்கள் புகைப்பதே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

ஐந்து மாதம் எங்கே போனது?

இனி ஒரு பெண்ணை மனதில் நினைத்துக்கொள்வோம். இவர் ஒரு தனி ஆள் அல்ல. இப்படி வந்து சேர்பவர்கள் பலர். வயது 48. கணவர் ஒரு கம்பெனியில் ஸ்டோர் குமாஸ்தா. இரண்டு பிள்ளைகள். தீபாவளிக்கு முன்னால் வறட்டு இருமல் தொடங்கியது. தெருமுனை மருந்துக் கடையில் ஒரு பாட்டில் டானிக். நிற்கவில்லை. சுக்கு, மிளகு, தூதுவளை. பிறகு பேட்டை டாக்டர் "ஈசனோபீலியா" என்றார், மாத்திரை கொடுத்தார். பத்து நாள் தேவலை போல் இருந்தது. மறுபடியும் இருமல்.

இரண்டாவது மாதம் எக்ஸ்ரே. படத்தில் ஒரு நிழல். "டி.பி.யாக இருக்கலாம்." சளியில் கிருமி இல்லை என்று வந்தாலும், ஆறு மாத டி.பி. மருந்து ஆரம்பமாகிறது. முதல் மாதம் கொஞ்சம் தெம்பு, அல்லது தெம்பு என்று நினைப்பு. பிறகு உடம்பு இளைக்கிறது. "மாத்திரைச் சூடு" என்கிறார்கள் வீட்டில். நாலாவது மாதம் மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. நெஞ்சில் நீர். ஊசி போட்டு எடுக்கிறார்கள். எடுத்த நீரைப் புற்று அணு உண்டா என்று சோதனைக்கு அனுப்பாமலே விட்டுவிட்டால், அத்தோடு இன்னொரு மாதம் போயிற்று. நீர் மறுபடி சேர்ந்த பிறகுதான் சி.டி. ஸ்கேன், பயாப்ஸி, ரெட்ஹில்ஸ்.

டாக்டர்களை மட்டும் குறை சொல்லி விட்டுவிடுவதும் சரியல்ல. உலகத்து டி.பி. நோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர். இருமலோடும் இளைத்த உடம்போடும் நிழல் விழுந்த எக்ஸ்ரேயோடும் வருபவரைக் கண்டால் முதலில் டி.பி. ஞாபகம்தான் வரும். பத்துப் பேரில் பெரும்பாலோருக்கு அது டி.பி.யாகவே இருக்கும். கோளாறு முதல் சந்தேகத்தில் இல்லை. மருந்து கேட்காதபோதும் அதே சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதில்தான் இருக்கிறது. சளியைப் புதிய முறையில் சோதித்து டி.பி. கிருமி உண்டா என்று சில மணி நேரத்தில் சொல்லும் கருவிகள் இப்போது அரசாங்க மையங்களிலேயே இருக்கின்றன. கிருமி அகப்படவில்லை, மருந்து தொடங்கி ஒன்றிரண்டு மாதம் ஆகியும் குணமில்லை என்றால், "அடுத்த சோதனை என்ன, டாக்டர்?" என்று கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

நோயின் குணமும் தாமதத்துக்குத் துணை போகிறது. பெண்களுக்கு வரும் நுரையீரல் புற்றில் பெரும்பகுதி அடினோகார்சினோமா என்ற வகை. 2022-ல் உலக அளவில் பெண் நோயாளிகளில் நூற்றுக்கு 60 பேருக்கு இந்த வகைதான். இது பெரும்பாலும் பெரிய மூச்சுக் குழாயில் தோன்றாமல், நுரையீரலின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஓரத்தில் இருப்பதால் ஆரம்பத்தில் இருமலும் இல்லை, சளியில் ரத்தமும் இல்லை. நுரையீரலுக்குள் வலி உணரும் நரம்பும் இல்லை. சிலருக்கு முதல் அறிகுறியே முதுகு வலி, அல்லது விடாத தலைவலி, அல்லது திடீரென்று ஒரு வலிப்பு. அதாவது நோய் எலும்புக்கோ மூளைக்கோ போன பிறகு! இந்தியப் பதிவேடுகளில் சேரும் நுரையீரல் புற்று நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, கண்டுபிடிக்கும்போதே நோய் உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவியிருக்கிறது.

"ஆயாசம்" படுத்திய பாடு

வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பாஷை. தெலுங்கு டாக்டர் "ஆயாசம் உந்தா?" என்று கேட்கிறார். தெலுங்கில் ஆயாசம் என்றால் மூச்சு இரைப்பு. நம் பெண்மணிக்கு ஆயாசம் என்றால் அசதி. "அதுக்கென்ன, தினம் இருக்கு" என்று தலையாட்டுகிறார். இன்னொரு பெண்மணி அசதி இல்லை என்று நினைத்து "இல்லை" என்கிறார். மூச்சு இரைப்பது டாக்டருக்குத் தெரியாமலே போகிறது. இருமலுக்குத் தெலுங்கில் "தக்கு", நுரையீரலுக்கு "ஊபிரிதித்துலு". உருது பேசும் டாக்டரானால் இருமல் "கான்ஸி". பல வீடுகளில் கணவரோ, பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்த பையனோதான் மொழிபெயர்ப்பு. பையனை வைத்துக்கொண்டு, சளியில் ரத்தம் வந்ததைத் தாய் சொல்வாளா? "இருமல் மட்டும்தான்" என்று முடித்துவிடுகிறாள்.

வீட்டு நிலைமையும் இருக்கிறது. கணவருக்கு லீவு கிடையாது. பெரியவனுக்குப் பரீட்சை. "கோடை லீவில் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடாத தமிழ்க் குடும்பம் இந்த ஊரில் உண்டா என்பது சந்தேகம். கணவருக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்றால் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் அதே பெண், தன் இருமலுக்கு மூன்று மாதம் கொடுக்கிறாள்.

பயாப்ஸி என்றதும் இன்னொரு பயம். "ஊசி குத்தினால், கத்தி பட்டால் பரவிவிடும்." எத்தனை படித்தவர்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு! நோய் பரவுவது ஊசியால் அல்ல, நாள் கடத்துவதால். ஊசி குத்தாமல் இது டி.பி.யா, புற்றா, புற்று என்றால் எந்த வகை என்று சொல்ல வழியில்லை. வகை தெரியாமல் சரியான மருந்தும் இல்லை.

இதையெல்லாம் தாண்டி வந்தாலும் ஒரு கேள்வி காத்திருக்கிறது: "அந்தம்மா சிகரெட் குடிச்சாளா?" அக்கம்பக்கத்தார் வாயை மூட முடியாமல், நோயின் பெயரையே சொல்லாமல் "நெஞ்சில் கட்டி" என்று மறைக்கும் குடும்பங்கள் உண்டு. மறைக்கும்போது, இரண்டாவது யோசனை கேட்கும் வழியும் அடைந்துபோகிறது.

இருமல் மூன்று வாரத்துக்கு மேல் நின்றால், சளியில் ஒரு பொட்டு ரத்தம் கண்டால், குரல் கம்மி அப்படியே இருந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், தோள்பட்டையிலோ முதுகிலோ இரவில் எழுப்பும் வலி வந்தால், "நிமோனியா" என்று ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்தால், மருந்துக் கடையில் நிற்க வேண்டாம். எர்ரகட்டாவில் அரசாங்க நெஞ்சு நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. பஞ்சாகுட்டாவில் நிம்ஸ் இருக்கிறது. நெஞ்சு நோய் டாக்டரிடமே நேராகப் போகலாம்.

மாத்திரையால் ஆன மாற்றம்

காலத்தோடு கண்டால் என்ன லாபம் என்பதற்கு அமெரிக்கக் கணக்கு ஒன்று. நோய் நுரையீரலோடு நிற்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஐந்து வருஷம் தாண்டி வாழ்கிறார்கள். தூர உறுப்புகளுக்குப் பரவிய பின் என்றால் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அந்த நாட்டிலும் பெண்கள் இதைத் தாமதமாகத்தான் உணர்ந்தார்கள். 1987-லேயே பெண்களைக் கொல்லும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றை நுரையீரல் புற்று முந்திவிட்டது.

பரவிய பின் வந்தாலும் கை விரித்துவிடுகிறார்களா? முன்பு அப்படித்தான். 2004-ல் ஒரு திருப்பம். சில நோயாளிகளின் புற்று அணுக்களில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாறியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. இந்த மாற்றம் ஆசியர்களில், அதிலும் பெண்களில், அதிலும் புகைக்காதவர்களில் அதிகம். அதாவது நம் பெண்களுக்கு! மாற்றம் இருப்பவர்களுக்கு நரம்பில் ஏற்றும் கடும் மருந்தைவிட, வீட்டில் தினம் ஒன்று விழுங்கும் ஜெஃபிட்டினிப் மாத்திரை நன்றாக நோயைக் கட்டுகிறது என்று 2009-ல் வெளியான ஆசிய ஆய்வு நிரூபித்தது. முழு குணம் அல்ல. மாதங்கள், சிலருக்கு வருஷங்கள், எழுந்து நடமாடிச் சமைத்துச் சாப்பிட்டு வாழும் காலம்.

இந்த மாத்திரையைக் குறைந்த விலையில் செய்யும் கம்பெனிகளில் ஒன்று ஐதராபாத்தின் நாட்கோ. 2012 மார்ச்சில் கல்லீரல், சிறுநீரகப் புற்றுக்கான ஒரு மருந்தை, மாதம் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் விற்றதை, 8,800 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லி, நாட்டிலேயே முதல் கட்டாய உரிமம் பெற்ற அதே கம்பெனிதான். புதிய தலைமுறை மாத்திரையான ஓஸிமெர்ட்டினிப்புக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்க வரி நீக்கப்பட்டது. ஆனாலும் அது இன்னும் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலையில் இல்லை.

மாத்திரை வேலை செய்யுமா என்று தெரிய மரபணுச் சோதனை வேண்டும். அதற்கும் பயாப்ஸித் துண்டுதான் ஆதாரம். துண்டு சிறிதாக இருந்து சோதனைக்குப் போதவில்லை என்றால் மறுபடி ஊசி என்பார்கள். அலுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

முன்கூட்டியே தேடிப் பிடிக்க முடியாதா? நிறையப் புகைப்பவர்களுக்குக் குறைந்த கதிர் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், இந்த நோயால் சாவு 20 சதவீதம் குறைந்தது என்று 2011-ல் அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த வலை புகைப்பவர்களுக்காகப் பின்னிய வலை. புகைக்காத பெண் அதில் விழமாட்டாள். தைவான் நாட்டில் புகைக்காத, ஆனால் குடும்பத்தில் இந்த நோய் இருந்தது போன்ற காரணங்கள் உள்ள 12,011 பேரை ஸ்கேன் செய்ததில், நூற்றுக்கு 2.6 பேருக்குப் புற்று அகப்பட்டது. பெரும்பாலும் ஆரம்ப கட்டம். 2022-ல் அந்த நாடு, குடும்பத்தில் நோய் இருந்தவர்களுக்கு, புகைக்காவிட்டாலும், அரசாங்கச் செலவில் ஸ்கேன் தொடங்கியது. நம் நாட்டு அரசாங்கப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றும்தான் உண்டு; நுரையீரல் இல்லை. எனவே தாயாருக்கோ அக்காளுக்கோ இந்த நோய் வந்திருந்தால், அதை டாக்டரிடம் தானாகவே சொல்ல வேண்டும்.

பணம், அட்டை, ரயில்

2007-ல் ஆந்திராவில் தொடங்கிய ஆரோக்யஸ்ரீ திட்டம் தெலங்கானாவிலும் தொடர்கிறது. 2023 டிசம்பரில் வருஷ வரம்பு குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாயாக உயர்ந்தது. புற்றுநோய்ச் சிகிச்சை அதில் அடங்கும். ஆனால் இந்த மாநிலத்து ரேஷன் அட்டை வேண்டும். நம்மவர்கள் பலருக்கு வீடு இங்கே, ரேஷன் அட்டை ஊரில். ஆண்டுக்கணக்காக இங்கே இருந்தும் அட்டையை மாற்றாமல் இருப்பவர்கள் நோய் வந்த அன்று அலைகிறார்கள். நோய் இல்லாத நாளில் செய்ய வேண்டிய வேலை அது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு சனத்நகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது, மனைவிக்கும் சிகிச்சை உண்டு. வேலைக்குப் போகும் பெண்ணுக்கே நோய் என்றால், இரண்டு வருஷமாவது தொடர்ந்து வேலையிலிருந்து சந்தாவும் ஒழுங்காகக் கட்டியிருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம் வரை இரண்டு வருஷம் பெற வழியுண்டு. நீண்ட நோய்கள் பட்டியலில் புற்றுநோய் இருக்கிறது. வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காது. கம்பெனிக்காரர் "எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் உடம்பைப் பாருங்கள்" என்று அன்பாகச் சொன்னாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஈ.எஸ்.ஐ. ஆபீசில் ஒரு வார்த்தை விசாரிப்பது நல்லது.

குணமாக்க முடியாத கட்டத்தில் இருப்பவர்களுக்கும் செய்ய நிறைய இருக்கிறது. எம்.என்.ஜே.யில் வலி நிவாரணப் பிரிவு தனியாக இயங்குகிறது. மார்ஃபின் மருந்து பெறுவதில் இருந்த சட்டச் சிக்கல் 2014-ல் தளர்த்தப்பட்டது. மூச்சுத் திணறலுக்கும் அது உதவும். "அதைக் கொடுத்தால் பழக்கமாகிவிடும்" என்று பயந்து, கடைசி மாதங்களில் ஒரு பெண்ணை வலியில் துடிக்க விடுவது வீண் கொடுமை.

சிலர் சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போக விரும்புகிறார்கள். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது; சொந்தபந்தம் பக்கத்தில், டாக்டரிடம் தமிழில் பேசலாம். சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுதும் தள்ளுபடி. கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ரயில்வே குறிப்பிட்ட படிவத்தில் ஆஸ்பத்திரி டாக்டரின் சான்று வாங்கி, ஸ்டேஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும். சார்மினார் எக்ஸ்பிரஸில் மாலை ஏறினால் மறுநாள் காலை சென்னை.

புறப்படும்போது பெட்டியில் துணிமணிக்கு முன்னால் வைக்க வேண்டியது பழைய எக்ஸ்ரே படங்கள். மூன்று வருஷத்துக்கு முந்தைய படமாக இருந்தாலும் சரி, பரணில் எலி கடித்த ஓரத்தோடு கிடந்தாலும் சரி. இன்று தெரியும் நிழல் அன்றும் இருந்ததா, புதிதா, வளர்ந்திருக்கிறதா என்பதை அந்தப் படம் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும். பயாப்ஸி ரிப்போர்ட்டோடு அந்தக் கண்ணாடித் துண்டையும் மெழுகுக் கட்டியையும் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அவை கையில் இருந்தால் அங்கே போய் மறுபடி ஊசி குத்திக்கொள்ள வேண்டியிராது.